வயது வரம்பைத் தாண்டி வந்தவர்கள்

சீனாவில் 1966ல் கலாச்சாரப் புரட்சி தொடங்கியதும் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு நின்று போனது. பட்டணத்துப் பிள்ளைகள் லட்சக்கணக்கில் கிராமங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். பின்னால் சில கல்லூரிகள் திறந்தபோதும், கட்சியின் பரிந்துரை இருந்தால்தான் இடம்.

மாவோ 1976ல் இறந்தார். அடுத்த வருடம் டிசம்பரில் நுழைவுத் தேர்வு திரும்பவும் வந்தது. எழுதியவர்கள் சுமார் 57 லட்சம் பேர். இடம் கிடைத்தது சுமார் 2.7 லட்சம் பேருக்கு. அதாவது நூற்றுக்கு ஐந்து பேருக்குக் கூட இல்லை!

பெய்ஜிங் திரைப்படக் கல்லூரி 1978ல் மாணவர்களைச் சேர்த்தது. அவர்களில் ஒருவர் சென் கைகே. அப்பா சினிமா இயக்குனர். சிறு வயதில் அந்த அப்பாவையே ஊரார் முன்னிலையில் குற்றம் சாட்டிப் பேசியவர் இவர். அந்த உறுத்தலைப் பிற்பாடு தானே எழுதினார். யுனான் மாகாணத்து ரப்பர் தோட்டத்தில் வேலை பார்த்துவிட்டு வந்திருந்தார்.

இன்னொருவர் ஜாங் யிமூ. அப்பா கோமிண்டாங் ராணுவ அதிகாரியாக இருந்தவர் என்பதால் குடும்பத்தின் மேல் கறை. மகன் முதலில் வயலில், பிறகு சியான்யாங் நகரத்துப் பஞ்சாலையில் வேலை செய்தார். ஒளிப்பதிவுப் பிரிவுக்கு விண்ணப்பித்தபோது வயது வரம்பு தாண்டிவிட்டது. அவர் விடவில்லை. தான் எடுத்த புகைப்படங்களோடு கலாச்சார அமைச்சர் ஹுவாங் சென்னுக்குக் கடிதம் எழுதினார். இடம் கிடைத்தது.

1982ல் படிப்பு முடிந்தது. அரசு ஜாங் யிமூவை தெற்கே குவாங்சி ஸ்டூடியோவுக்கு அனுப்பியது. பெரிய இயக்குனர்கள் இல்லாத ஸ்டூடியோ என்பதால் இளைஞர்களுக்கு வாய்ப்பு சீக்கிரம் வந்தது. 1984ல் சென் கைகே இயக்க, ஜாங் யிமூ ஒளிப்பதிவு செய்ய, 'மஞ்சள் நிலம்' வெளிவந்தது.

கதை 1939ல் நடக்கிறது. நாட்டுப்பாடல் சேகரிக்க ஒரு கம்யூனிஸ்ட் சிப்பாய் வறண்ட கிராமத்துக்கு வருகிறான். சின்ன வயதிலேயே கல்யாணம் பேசி முடிக்கப்பட்ட ஒரு பெண், தன்னையும் கூட்டிப் போகச் சொல்கிறாள். மேலிட அனுமதி வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போகிறான். அவன் திரும்புவதற்குள் அவள் மஞ்சள் நதியைப் படகில் கடக்கக் கிளம்புகிறாள். இருட்டில் அவள் பாட்டு பாதியில் நின்றுவிடுகிறது...

அதுவரை சீன சினிமாவில் கட்சிக்காரன் வந்தால் மக்களுக்கு விடிவு வந்துவிடும். இதில் வரவில்லை. உள்ளூரில் கண்டனங்கள் எழுந்தன. ஆனால் 1985ல் ஹாங்காங் திரைப்பட விழாவில் உலகம் திரும்பிப் பார்த்தது. 'ஐந்தாம் தலைமுறை' என்ற பெயர் நிலைத்தது.

இலக்கியத்திலும் இதே கதைதான். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்ட மோ யான், 1984ல் ராணுவக் கலைக் கல்லூரியில் இலக்கியம் படிக்கச் சேர்ந்தார். அவருடைய 'சிவப்புச் சோளம்' கதையை ஜாங் யிமூ 1987ல் படமாக்கினார். மறு வருடம் பெர்லினில் தங்கக் கரடி. 2012ல் மோ யானுக்கு நோபல் பரிசு.

கிராமத்துக்கு அனுப்பியதால்தான் இவர்கள் கலைஞர்கள் ஆனார்கள் என்று சிலர் சொல்வதுண்டு. ஆனால் அதே வயல்களிலும் ஆலைகளிலும் இருந்த மற்ற லட்சக்கணக்கானவர்கள்? அமைச்சருக்குக் கடிதம் எழுதத் தோன்றாதவர்கள், எழுதியும் பதில் வராதவர்கள் எத்தனை பேர் என்று யோசித்துப் பாருங்கள். சிப்பாய் ஊரைவிட்டுப் போய்விட்டான், அந்தப் பெண்ணால் முடியவில்லை. பத்து வருடத்துக்குப் பின் வெளியே வர முடிந்தவர்கள் எடுத்த படம் அது.