‘இங்’ விகுதியின் கதை: ஆங்கிலத் தொழிற்பெயர் உருவான வரலாறு

ஆசிரியர்களே, தேர்வுக்குத் தயாராகும் மாணவர்களே, ‘சுவிம்மிங் பூல்’, ‘சுவிம்மிங் ஃபிஷ்’ என்ற இரண்டு தொடர்களையும் பாருங்கள். இரண்டிலும் ஒரே ‘சுவிம்மிங்’தான். ஆனால் குளம் நீந்துவதில்லை, மீன்தான் நீந்துகிறது! தமிழில் இந்தக் குழப்பமே இல்லை. முதலாவது நீச்சல் குளம், இரண்டாவது நீந்தும் மீன். ‘நீச்சல்’ தொழிற்பெயர், ‘நீந்தும்’ பெயரெச்சம். நாம் வடிவத்திலேயே பிரித்துச் சொல்வதை ஆங்கிலம் ஏன் ஒரே வடிவத்தில் சொல்கிறது? விடை வரலாற்றில் இருக்கிறது.

பழைய ஆங்கிலத்தில், அதாவது சுமார் 1100ஆம் ஆண்டுக்கு முன், இவை இரண்டு வெவ்வேறு விகுதிகள். செயலின் பெயரைக் குறிக்க ‘உங்’ அல்லது ‘இங்’ வந்தது. கற்றல் என்பது அன்று ‘லெயோர்நுங்’. இன்றைய ‘லேர்னிங்’ அதன் வழிவந்ததே. செயலைச் செய்கிற ஆளையோ பொருளையோ விளக்க ‘எண்டே’ வந்தது. பாடுகிற என்ற பொருளில் ‘சிங்கெண்டே’ என்றார்கள். நம்ம தொழிற்பெயரும் பெயரெச்சமும் தனித்தனியாக நிற்பது போலத்தான் அன்று அங்கும் நின்றன.

இடைக்கால ஆங்கிலத்தில் ‘எண்டே’ வட்டாரத்துக்கு வட்டாரம் மாறியது. வடக்கே ‘ஆண்ட்’, தெற்கே ‘இண்டே’. தெற்கிலிருந்து ‘இங்’ வடிவம் மெல்லப் பரவி, பிறகு எல்லா இடங்களிலும் அதுவே நிலைத்தது. இப்படி இரண்டு வீட்டுக்கும் ஒரே வாசல் ஆகிவிட்டது. மாணவர்கள் தடுமாறுவது இந்த வாசலில்தான்.

இன்னொரு மாற்றமும் நடந்தது. முதலில் ‘இங்’ சொல் முழுப் பெயர்ச்சொல்லாகவே இருந்தது. செயப்படுபொருள் வேண்டுமென்றால் ‘ஆஃப்’ போன்ற உறவுச்சொல்லோ வேற்றுமை உருபோ தேவைப்பட்டது. ஏறத்தாழ 14ஆம் நூற்றாண்டிலிருந்து அது வினையைப் போல் செயப்படுபொருளை நேரடியாகவே எடுக்கத் தொடங்கியது. ‘ரீடிங் தி புக்’ என்ற அமைப்புக்கு வழி பிறந்தது இப்படித்தான். பெயராகவும் வினையாகவும் நிற்கும் இந்த வடிவத்துக்கு இலத்தீன் இலக்கணத்திலிருந்து ‘ஜெரண்ட்’ என்ற பெயர் வந்தது. ஆனால் சட்டை முழுக்கப் பொருந்தவில்லை: இலத்தீனின் ஜெரண்ட் எழுவாயாக வராது, ஆங்கிலத்தில் தாராளமாக வரும்.

1762இல் ராபர்ட் லவுத் தமது ஆங்கில இலக்கண நூலில் ஒரு விதியை வலியுறுத்தினார். ‘தி’யும் ‘ஆஃப்’பும் சேர்ந்தே வர வேண்டும், அல்லது இரண்டுமே வரக்கூடாது. ‘தி ரீடிங் ஆஃப் தி புக்’ சரி, ‘ரீடிங் தி புக்’கும் சரி, ‘தி ரீடிங் தி புக்’ பிழை. இன்றும் தேர்வுக்கு உதவுகிற விதி இது.

இதை நம் தமிழோடு ஒப்பிட்டுப் பார்க்கலாமா? ‘வேகமாக ஓடுதல்’ என்கிறோம், ‘வேகமான ஓட்டம்’ என்கிறோம். ‘ஓடுதல்’ வினையடை ஏற்கிறது. ‘ஓட்டம்’ பெயரடை ஏற்கிறது. தொழிற்பெயர் விகுதிகளில் ‘தல்’, ‘அம்’ இரண்டுமே உண்டு. பெயர் ஒன்றுதான், ஆனால் ‘தல்’ வினைத்தன்மையை அதிகம் தக்கவைத்துக்கொள்கிறது. ஆங்கிலத்திலும் இதேதான்: ‘ரீடிங் தி புக் கேர்ஃபுல்லி’ என்றால் ஜெரண்ட், ‘தி கேர்ஃபுல் ரீடிங் ஆஃப் தி புக்’ என்றால் பெயர்ச்சொல். ‘பில்டிங்ஸ்’ என்று பன்மை ஏற்றுக் கட்டடங்களைக் குறித்தால் சந்தேகமே வேண்டாம், பெயர்ச்சொல்தான்.

ஆகவே தேர்வில் மூன்று கேள்வி கேட்டுப் பாருங்கள்:

1. நேரடிச் செயப்படுபொருளோ வினையடையோ உண்டா? பெயர் நிற்கும் இடத்தில் நின்றால் ஜெரண்ட்.
2. ‘தி’, ‘ஆஃப்’, பெயரடை, பன்மை உண்டா? பெயர்ச்சொல்.
3. தமிழில் சொன்னால் ‘நீந்தும்’ போலப் பெயரெச்சமாக வருகிறதா? அது ஜெரண்ட் அல்ல, பார்ட்டிசிபிள்.

ஒன்று மட்டும் நினைவில் வையுங்கள். 2002இல் வெளிவந்த கேம்பிரிட்ஜ் ஆங்கில இலக்கண நூல், ஜெரண்டையும் பார்ட்டிசிபிளையும் பிரிக்காமல் ‘ஜெரண்ட்-பார்ட்டிசிபிள்’ என்று ஒரே பெயரில் அழைக்கிறது. அறிஞர்களே ஒருமித்த முடிவுக்கு வராத இடம் இது. எனவே மாணவர் தடுமாறினால் அவர் மந்தம் என்று எண்ண வேண்டாம். வரலாறு விட்டுச்சென்ற முடிச்சில்தான் அவர் கை வைத்திருக்கிறார். முடிச்சை அவிழ்க்கத் தமிழ் இலக்கணம் அவர் கையிலேயே இருக்கிறது. அதைப் பயன்படுத்தச் சொல்லிக்கொடுப்போமே!