அப்பாவின் ஹோண்டாவும் கறுப்பு வெள்ளைக் கம்பியும்



கோல சிலாங்கூர் வட்டாரத் தோட்ட வரலாற்றை எழுதுவோர் 1917ஆம் ஆண்டில் தொடங்குவர். பிரெஞ்சுக்காரரான ஹென்றி ஃபோக்கோனியே தென்னமரம் தோட்டத்தில் நாட்டின் முதல் வணிகச் செம்பனைப் பயிரை நட்ட ஆண்டு அது. பிறகு கோயில், தமிழ்ப்பள்ளி, கள்ளுக்கடை என்று எழுதுவர். தோட்டத்து மக்களை வெளியுலகிற்கு ஏற்றிச்சென்ற மோட்டார் சைக்கிளை மட்டும் மறந்துவிடுகிறோம்.

ஹோண்டா நிறுவனம் 'சூப்பர் கப்' வண்டியை ஜப்பானில் 1958இல் வெளியிட்டது. ஹோண்டா வண்டிகளை இந்நாட்டில் பரப்பியவர் பினாங்கு வணிகர் லோ பூன் சியூ. 'கப்' மக்கள் வாயில் 'கப்சாய்' ஆயிற்று. கம்போங் குவாந்தானை அடுத்த எங்கள் தோட்டத்தில் விடியற்காலைப் பிரட்டுக்கும், மருத்துவமனைக்கும், என் இடைநிலைப்பள்ளிக்கும் அப்பாவின் சி70தான்.

அப்பா மறைந்தபின் தம்பி அதனை மாற்றியமைத்தான். முன்கவசத்தைக் கழற்றினான், இருக்கையைத் தாழ்த்தினான், பழைய கம்பிக்கட்டை அறுத்தெறிந்துவிட்டு எல்லாவற்றிற்கும் சிவப்புக் கம்பியே போட்டான். சென்ற பள்ளி விடுமுறையில் வண்டி உயிர்பெற மறுத்தது. பழைய இரும்புக்குப் போடுமாறு பட்டறைக்காரர் சொன்னார். எனக்கு மனம் வரவில்லை.

பிளாக்கைக் கழற்றி எஞ்சின்மேல் வைத்து உதைத்தேன், பொறி இல்லை. பிளாட்டினத்தை மென்மணல்தாளால் தேய்த்தும் பயனில்லை. அப்போதுதான் அவ்வண்டியின் அமைப்பைப் பொறுமையாக எண்ணிப் பார்த்தேன். சக்கரக் காந்தம் சுழன்று தன் மின்சாரத்தைத் தானே ஆக்கிக்கொள்கிறது. பிளாட்டினம் விலகும் நொடியில் காயிலில் பல்லாயிரம் வோல்ட் எழுந்து பொறி பறக்கிறது. பாட்டரி செத்தாலும் வண்டி ஓடும். கூலி வாங்கும் நாள்வரை புதுப் பாட்டரிக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. இதற்கு முன்னோடி, 1902இல் போஷ் நிறுவனத்தில் கோட்லோப் ஹோனோல்ட் உருவாக்கிய உயரழுத்த மேக்னெட்டோ.

வேடிக்கை என்னவென்றால், இவ்வண்டியில் சாவியை மூடினால் மின்சாரம் அறுபடுவதில்லை. கறுப்பில் வெள்ளைக் கோடிட்ட கம்பி, பச்சை எர்த் கம்பியோடு இணைந்து, பொறிக்குரிய மின்சாரம் வண்டிச் சட்டத்திற்குள் வடிந்துவிடுகிறது. ஆகவே அக்கம்பி எங்கேனும் உரசித் தோலுரிந்து இரும்பைத் தொட்டால், திறந்த சாவியும் மூடிய சாவியே.

நிறம் இருந்திருந்தால் ஐந்து நிமிட வேலை. எல்லாம் சிவப்பாக இருந்ததால் அரைநாள் ஆயிற்று. சாவிக்குச் செல்லும் அக்கம்பியைக் கண்டுபிடித்துக் கழற்றியதும் நீலப்பொறி வந்தது. ஹேண்டிலின் கழுத்தில், முன்கவசம் இல்லாமல் மழையும் சேறும் பட்ட இடத்தில், கம்பி தேய்ந்திருந்தது. தமிழ் நெடுங்கணக்கு முழுவதையும் ஒரே எழுத்தால் எழுதிவைத்தால் எப்படிப் படிப்பது? தம்பியிடம் இதைத்தான் கேட்டேன், சிரித்தான்.

பின்னாளில் பிளாட்டினத்தின் இடத்தைச் சிடிஐ பெட்டி பிடித்துக்கொண்டது. அது மேலானதே, மறுக்கவில்லை; தேய்வதில்லை, சரிசெய்யத் தேவையில்லை. ஆனால் திறந்து பார்க்கவும் இயலாது.

நிறங்களை முறைப்படி மாற்றி, பிளாட்டினத்தின் இடைவெளியை 0.3 முதல் 0.4 மில்லிமீட்டருக்குள் வைத்தேன். அப்பா சிகரெட் பெட்டி அட்டையைச் செருகித்தான் அளப்பார். மகனிடம் அப்படியோர் அட்டையைக் கொடுத்து, அளவுத்தகட்டோடு ஒப்பிடச் சொன்னேன். 0.3 தகடும் அட்டையும் ஒரே தடிப்பாக இருந்தன.