மாதிரி ரயில்பாதைக்கான மரவீடுகள்

மாதிரி ரயில்பாதைக்கான மரவீட்டுத் தொகுப்பு என்பது, ஒரு வீட்டையோ ரயில் நிலையத்தையோ குறிப்பிட்ட விகிதத்தில் சுருக்கி, அதன் சுவர், சன்னல், கூரை ஆகியவற்றைத் தனித்தனி மரத்துண்டுகளாக ஒரு பெட்டியில் தருவதாகும். வாங்குபவர் அவற்றை ஒட்டி, வண்ணம் பூசி, மேசைமேல் ஓடும் சிறு ரயிலின் அருகே நிறுத்துகிறார். பார்வைக்கு இது விளையாட்டுப் பொருள்தான். ஆனால் எந்த ஊர் வீடு இவ்வாறு சுருக்கப்படுகிறதோ, அந்த ஊரின் கட்டட முறை அதில் பதிவாகிவிடுகிறது. உலகச் சந்தையில் புகழ்பெற்ற தொகுப்புகளில் பெரும்பாலானவை ஜெர்மனி, பிரிட்டன், அமெரிக்கா ஆகிய நாடுகளின் வீடுகளே.

தோற்றம்

சிறு மரவீடுகள் செய்யும் தொழில் ரயிலுக்கு முந்தையது. ஜெர்மனியின் எர்ட்ஸ்கெபிர்கே மலைப்பகுதியில் சுரங்கத் தொழில் நலிந்தபோது, சைஃபன் முதலிய ஊர்களின் மக்கள் மரப்பொம்மை செய்வதைப் பிழைப்பாகக் கொண்டனர். வீடு, மரம், விலங்கு எனச் சிற்றூர் முழுவதும் பொம்மையாகிப் பெட்டிகளில் பல நாடுகளுக்குச் சென்றது.

பொம்மை ரயிலுக்கு ஒழுங்கான அளவுமுறையைத் தந்தது மெர்க்லின் நிறுவனம். 1891ஆம் ஆண்டு லைப்சிக் சந்தையில் அது தண்டவாள அகலங்களை வரையறுத்து ரயில் தொகுப்புகளை அறிமுகம் செய்தது. 1935இல் மேசைமேல் ஓடக்கூடிய, 16.5 மி.மீ. தண்டவாள அகலம் கொண்ட சிறு மின் ரயில்கள் வந்தன. இவ்வகை பின்னர் எச்.ஓ. எனப் பெயர் பெற்றது. இதன் விகிதம் 1:87. அதாவது 87 மீட்டர் நீளமுள்ள ஒன்று மாதிரியில் 1 மீட்டர் ஆகும். ரயில் இவ்வளவு சரியாகச் சுருங்கியபின், அதனருகே நிற்கும் வீடும் அதே விகிதத்தில் அமைய வேண்டியதாயிற்று.

இரண்டாம் உலகப்போர் முடிந்த மறு ஆண்டு, 1946இல், எட்வின், ஹெர்மன் என்னும் சகோதரர்கள் கருங்காடு மலைப்பகுதியிலுள்ள கியூட்டன்பாக் என்ற சிற்றூரில் ஃபாலர் நிறுவனத்தைத் தொடங்கினர். கடிகாரம் செய்வதில் பெயர்பெற்ற வட்டாரம் அது. அவர்களின் தொடக்ககால வீடுகள் மரத்தாலும் அட்டையாலும் ஆனவை. 1950களில் பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கை உருக்கி அச்சில் வார்க்கும் முறை பரவியது. ஒரே அச்சிலிருந்து ஆயிரக்கணக்கான சுவர்கள் கிடைத்ததால் விலை குறைந்தது. மரவீடுகள் பின்னுக்குப் போயின. ஆனால் எஃகு அச்சு செய்யப் பெருஞ்செலவாகும். ஆகவே மிகுதியாக விற்கும் வீடுகளே அச்சில் ஏறின.

அமெரிக்காவில் மெல்லிய மரப்பட்டைகளைக் கொண்டு ஒவ்வொரு பலகையாக ஒட்டிக் கட்டும் தொகுப்புகள் பிளாஸ்டிக் காலத்திலும் தொடர்ந்தன. பின்னர் லேசர் வெட்டு முறை வந்தபோது மரத்துக்கு மறுவாழ்வு கிடைத்தது. லேசருக்கு அச்சு தேவையில்லை. கணினியில் வரைபடம் இருந்தால் போதும். பத்துப் பேருக்கு மட்டும் தேவைப்படும் வீட்டையும் இம்முறையில் வெட்டித் தரலாம்.

கட்டும் முறை

கட்டுபவர் முதலில் துண்டுகளைச் சட்டத்திலிருந்து பிரித்து, ஓரங்களை உப்புத்தாளால் தேய்க்கிறார். ஒட்டுவதற்கு முன்பே வண்ணம் பூசுவது வழக்கம். மரம் ஈரத்தை உறிஞ்சி, இழைக்குக் குறுக்குவாட்டில் விரியும். ஒருபக்கம் மட்டும் வண்ணம் பூசினால் சுவர் வளைந்துவிடும். எனவே இருபுறமும் பூசி, தட்டையான பாரத்தின்கீழ் காயவைக்க வேண்டும். சென்னை போன்ற கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் இந்தக் கவனம் இன்னும் தேவை. பிறகு இரண்டு சுவர்களை மூலைமட்டத்தில் வைத்து, வெள்ளைப் பசையால் சரியான செங்கோணத்தில் ஒட்டுகிறார். முதல் மூலை கோணினால் கூரை பொருந்தாது.

இந்திய அளவுச் சிக்கல்

இந்தியாவில் சிறுவீடுகளை அடுக்கிக் காட்டும் வழக்கம் புதிதன்று. நவராத்திரிக் கொலுவில் படிகளுக்கு முன்னால் பூங்கா அமைத்து வீடு, குளம், பொம்மை ரயில் வைப்பதுண்டு. ஆனால் அங்கே செட்டியார் பொம்மை வீட்டைவிடப் பெரிதாக இருக்கலாம், அதில் தவறில்லை. மாதிரி ரயில்பாதையில் அனைத்தும் ஒரே விகிதத்துக்குக் கட்டுப்பட்டவை. இத்தகைய முறையான அமைப்புக்கு இந்தியாவில் நன்கறியப்பட்ட எடுத்துக்காட்டு, புனேயில் பாவ் ஜோஷி உருவாக்கி 1998இல் திறக்கப்பட்ட சிறு ரயில் அருங்காட்சியகம்.

இந்திய ரயிலை எச்.ஓ. விகிதத்தில் அமைப்போருக்கு ஒரு சிக்கல் உண்டு. எச்.ஓ. தண்டவாளத்தின் 16.5 மி.மீ. அகலம், ஐரோப்பாவின் 1,435 மி.மீ. பாதையைச் சுருக்கியது. இந்திய அகலப்பாதை 1,676 மி.மீ. அதை 87ஆல் வகுத்தால் ஏறத்தாழ 19.3 மி.மீ. வரும். ஆகவே கடையில் கிடைக்கும் தண்டவாளத்தில் இந்திய அகலப்பாதை ஒடுங்கித் தெரியும். மீட்டர் பாதைக்கு 11.5 மி.மீ. வரும், 12 மி.மீ. தண்டவாளம் அதற்கு ஏறக்குறையப் பொருந்தும்.

கட்டடத்துக்கு இந்தத் தடை இல்லை. 2.1 மீட்டர் உயரக் கதவு 24 மி.மீ. ஆகும். ஏறத்தாழ 41 செ.மீ. நீளமுள்ள மங்களூர் ஓடு 4.7 மி.மீ. ஆகும். இவை லேசரால் எளிதில் வெட்டக்கூடிய அளவுகளே. இல்லாதது அளந்தெடுத்த வரைபடம்.

அழியும் கட்டடமும் மாதிரியும்

வரைபடத்தின் மதிப்பை உணர்த்துவது இங்கிலாந்தின் பெண்டன் அருங்காட்சியகம். ஆஸ்திரேலியாவிலிருந்து 1925இல் வந்த ராய் இங்கிலாந்து என்பவர், ஒரு பள்ளத்தாக்கின் பழைய குடிசைகளும் வைக்கோல் கூரைகளும் மாறிவருவதைக் கண்டார். அவற்றை அளந்து, குறித்து, 1:76 விகிதத்தில் அட்டையால் செய்யத் தொடங்கினார். 1954இல் லாங் விட்டன்ஹாம் என்ற ஊரில் அம்முயற்சி அருங்காட்சியகமானது. அப்பள்ளத்தாக்கின் 1930களை ஒட்டிய தோற்றத்தை இன்றும் அங்கே காணலாம்.

தமிழ்நாட்டிலும் இதே நிலை உண்டு. 1990களில் வேகம்பெற்ற அகலப்பாதை மாற்றத்தின்போது, மீட்டர் பாதைக் காலத்தின் சிறு நிலையங்கள் பல இடித்துக் கட்டப்பட்டன. அளவு குறித்து வைக்கப்படாத கட்டடத்தை ஒளிப்படத்திலிருந்து மட்டும் சரியாக மீட்க முடியாது. படத்தில் தொலைவிலுள்ள சுவர் சிறிதாகத் தெரியும். கூரையின் சரிவும் மாறித் தோன்றும்.

சென்னைக்கு அருகிலேயே இப்பணிக்கு ஏற்ற பாதை ஒன்று உண்டு. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து திருவள்ளூர் வழியாக வாலாஜா ரோடு வரை சென்றது. தூண்களுடன் கூடிய ராயபுரம் நிலையக் கட்டடம் இன்றும் நிற்கிறது. வடக்கே கும்மிடிப்பூண்டி வழியாகக் கூடூர் செல்லும் பாதையில் புறநகர் ரயில்கள் ஓடுகின்றன. கும்மிடிப்பூண்டி சிப்காட், திருவள்ளூரை அடுத்த காக்களூர் சிட்கோ தொழிற்பேட்டைகளுக்கு வேலைக்குச் செல்வோர் நாள்தோறும் கடக்கும் நிலையங்கள் இவை.

ஒரு கட்டடத்தைப் பதிவுசெய்ய முதலில் தேவைப்படுவது நாடாவும் கோட்டுத்தாளும்தான். நீளம், அகலம், கதவு சன்னல்களின் உயரம், அவற்றுக்கிடையிலான தூரம், சுவரின் தடிமன் ஆகியவற்றைக் குறிக்க வேண்டும். எட்டாத உயரத்துக்கு, 1 மீட்டர் கோலைச் சுவரில் சாய்க்காமல் நேராக நிறுத்தி, எதிரே நின்று படம் எடுத்தால் கணக்கிட்டுக்கொள்ளலாம். நிலைய வளாகத்தில் அளக்கவும் படம் எடுக்கவும் ரயில்வேயின் அனுமதி பெற வேண்டும். அவ்வாறு பெற்ற எண்களை 87ஆல் வகுத்தால் மரவீட்டுக்கான வரைபடம் தயார். கட்டடம் பின்னர் இடிக்கப்பட்டாலும், அந்தத் தாளைக்கொண்டு அதை மறுபடி செய்ய முடியும்.