சட்டனூகா: டென்னசி ஆற்று வளைவில் ஒரு நகரம்

அமெரிக்காவின் தெற்கு மாநிலங்களுள் ஒன்றான டென்னசியின் தென்கிழக்கு மூலையில், ஜார்ஜியா எல்லையை ஒட்டிச் சட்டனூகா அமைந்துள்ளது. 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இதன் மக்கள்தொகை 1,81,099. அட்லாண்டாவும் நாஷ்வில்லும் ஏறக்குறைய இரண்டு மணி நேரக் கார்ப் பயணத் தொலைவில் உள்ளன. அந்த இரு பெருநகரங்களுக்கும் நடுவில் இருப்பதால், கடந்து செல்லும் ஊராகவே இதைப் பலர் அறிந்துள்ளனர். ஆனால் தெற்கின் வரலாற்றில் நடந்த பெரிய நிகழ்வுகள் பலவும் இந்தச் சிறிய இடத்தில் தடம் பதித்துள்ளன.

நகரின் தோற்றத்தை முடிவு செய்தது ஆறு. மலைகளுக்கிடையே வரும் டென்னசி ஆறு இங்கே பாதத்தின் வடிவில் வளைந்து திரும்புகிறது. அந்த வளைவுக்கு மொக்கசின் வளைவு என்று பெயர். மொக்கசின் என்பது பூர்வகுடிகள் அணிந்த தோல் காலணி. தெற்கே லுக்அவுட் மலையும், கிழக்கே மிஷனரி ரிட்ஜ் என்னும் நீண்ட மேடும், வடக்கே சிக்னல் மலையும் சூழ்ந்துள்ளன. சட்டனூகா என்ற பெயரே கூம்பி முடியும் பாறையைக் குறிக்கும் மஸ்கோகி மொழிச் சொல்லிலிருந்து வந்தது என்பர். லுக்அவுட் மலையைக் கீழிருந்து பார்ப்பவர்களுக்கு அந்தப் பெயர் பொருத்தமாகவே தோன்றும்.

ராஸ் துறை

ஆங்கிலேய வழிக் குடியேறிகளின் ஊராவதற்கு முன் இது செரோக்கி மக்களின் நிலம். 1816 அளவில் ஜான் ராஸ் என்பவர் ஆற்றங்கரையில் ஒரு படகுத்துறையையும் பண்டகசாலையையும் நிறுவினார். அவ்விடம் ராஸ் துறை எனப்பட்டது. பின்னர் ராஸ் செரோக்கி இனத்தின் முதன்மைத் தலைவரானார். தம் மக்களை நிலத்திலிருந்து அகற்றும் அரசின் முடிவை எதிர்த்து வாஷிங்டனில் பல ஆண்டுகள் வாதாடினார். பயன் இல்லை. 1838இல் படைவீரர்கள் செரோக்கிக் குடும்பங்களை வீடுகளிலிருந்து வெளியேற்றி முகாம்களில் அடைத்தனர். அவ்வாண்டு சூன் மாதத்தில் முதல் குழுக்கள் படகேற்றப்பட்ட இடங்களுள் ராஸ் துறையும் ஒன்று. கண்ணீர்த் தடம் என்று அழைக்கப்படும் அந்தப் பயணத்திலும் முகாம்களிலும் ஏறத்தாழ 4,000 பேர் இறந்தனர் என்பது பரவலாகக் கூறப்படும் மதிப்பீடு. ராஸின் மனைவியும் வழியிலேயே இறந்தார். அதே 1838இல்தான் ராஸ் துறை என்ற பெயர் நீக்கப்பட்டுச் சட்டனூகா என்ற பெயர் சூட்டப்பட்டது. மக்களை அனுப்பிவிட்டு அவர்கள் பக்கத்து மொழியிலிருந்தே ஊருக்குப் பெயர் எடுத்துக்கொண்டனர் என்பது கவனிக்கத்தக்கது.

போர்

1850இல் ஜார்ஜியாவிலிருந்து இருப்புப்பாதை வந்தது. வேறு பாதைகளும் வந்து சேர, மலைகளைக் கடக்கும் வாயிலாக நகரம் மாறியது. உள்நாட்டுப் போரில் இரு தரப்பும் இதற்காக மோதியதற்கு அதுவே காரணம். 1863 செப்டம்பர் 19, 20 நாள்களில் நகருக்குத் தெற்கே சிக்கமாகாவில் நடந்த போரில் தெற்குப் படை வென்றது. இரு தரப்பிலும் இறந்தோர், காயமுற்றோர், காணாமற்போனோர் ஏறக்குறைய 34,000 பேர். கெட்டிஸ்பர்க்கிற்கு அடுத்தபடி அந்தப் போரின் பேரிழப்பு இதுவே. தோற்ற வடக்குப் படை நகருக்குள் முற்றுகையிடப்பட்டு அரைப்பட்டினியில் கிடந்தது. கிராண்ட் வந்து உணவுப் பாதையைத் திறந்தார். நவம்பர் 24இல் லுக்அவுட் மலையும், மறுநாள் மிஷனரி ரிட்ஜும் வடக்குப் படையிடம் வீழ்ந்தன. அடுத்த ஆண்டு ஷெர்மன் அட்லாண்டாவை நோக்கிப் புறப்பட இந்த நகரமே தளமாயிற்று.

1890இல் நாட்டின் முதல் தேசியப் போர்க்களப் பூங்கா இங்கே அமைக்கப்பட்டது. இன்று அந்தப் புல்வெளிகளில் குடும்பங்கள் நடைப்பயிற்சி செய்கின்றன. மிஷனரி ரிட்ஜில் பீரங்கிகளும் நினைவுக்கற்களும் வீடுகளின் முன்முற்றங்களுக்கு நடுவே நிற்கின்றன. தபால்பெட்டிக்கு அருகே பீரங்கி இருப்பதை அங்கே வசிப்பவர்கள் விந்தையாகக் கருதுவதில்லை.

ஆலைகளும் பாலமும்

போருக்குப்பின் வடக்கிலிருந்து முதலீடு வந்தது. இரும்பு வார்ப்பாலைகள் பெருகின. 1878இல், 20 வயதான அடால்ஃப் ஓக்ஸ் உள்ளூர் நாளிதழான சட்டனூகா டைம்ஸை வாங்கினார். 1896இல் நியூயார்க் டைம்ஸை வாங்கியவரும் அவரே. 1899இல் இந்நகர வழக்கறிஞர்கள் இருவர் கோக்க கோலாவைப் புட்டியில் அடைத்து விற்கும் உரிமையை ஒரு டாலருக்குப் பெற்றனர். அதுவரை அந்தப் பானம் கடைகளில் குவளையில் ஊற்றித் தரப்பட்டதால், புட்டியில் விற்பதைப் பெரிய வணிகமாக உரிமையாளர் மதிக்கவில்லை. 1895இல் லுக்அவுட் மலைமேல் சரிவு ரயில் ஏறத் தொடங்கியது. அதன் செங்குத்தான பகுதியில் சரிவு 72.7 விழுக்காடு.

1891இல் ஆற்றின் குறுக்கே 2,376 அடி நீளத்தில் வால்நட் தெருப் பாலம் திறக்கப்பட்டது. நகரின் பெருமையாகக் கட்டப்பட்ட இந்தப் பாலத்தின் வரலாற்றில் மறைக்க இயலாத ஒரு பக்கம் உண்டு. 1893இல் ஆல்ஃப்ரெட் பிளவுண்ட் என்ற கறுப்பினத்தவரைக் கும்பல் ஒன்று இதில் தூக்கிலிட்டது. 1906இல் எட் ஜான்சன் என்ற கறுப்பின இளைஞர்மீது ஒரு வெள்ளைப் பெண்ணைத் தாக்கியதாகக் குற்றம் சாட்டப்பட்டது. உறுதியான சான்று இல்லாத நிலையிலும், வெள்ளையர் மட்டுமே இருந்த நடுவர்குழு அவருக்கு மரண தண்டனைக்கு வழி செய்தது. நோவா பார்டன், ஸ்டைல்ஸ் ஹட்சின்ஸ் என்னும் இரு கறுப்பின வழக்கறிஞர்கள் வழக்கை உச்ச நீதிமன்றம் வரை கொண்டுசென்றனர். நீதிமன்றம் தண்டனையை நிறுத்தி வைத்தது. தந்தி வந்த அன்றிரவே, மார்ச் 19இல், கும்பல் சிறையை உடைத்து ஜான்சனைப் பாலத்திற்கு இழுத்துச் சென்று கொன்றது. சிறையில் அப்போது காவலுக்கு இருந்தவர் ஒருவரே.

தன் ஆணை இப்படி மீறப்பட்டதை உச்ச நீதிமன்றம் பொறுக்கவில்லை. ஷெரிஃப் ஜோசப் ஷிப்பையும் வேறு சிலரையும் தானே விசாரித்தது. அந்த நீதிமன்றம் தன் வரலாற்றில் நடத்திய ஒரே குற்ற விசாரணை இதுவே. 1909இல் ஷிப் குற்றவாளி எனத் தீர்ப்பாகி, 90 நாள் சிறை பெற்றார். தண்டனை முடிந்து திரும்பியபோது பெருங்கூட்டம் அவரை வரவேற்றது. வழக்கறிஞர்கள் இருவரும் ஊரை விட்டே போக நேர்ந்தது. யார் ஊரில் வாழ முடிந்தது, யாரால் முடியவில்லை என்பதிலேயே அக்காலச் சட்டனூகாவின் இயல்பு தெரிகிறது. ஜான்சன் மீதான தீர்ப்பு 2000இல் ரத்து செய்யப்பட்டது.

அணை, புகை

1867இன் பெருவெள்ளம் நகரை மூழ்கடித்தது. அதன் பின்னும் வெள்ள அச்சம் நீங்கவில்லை. 1933இல் தொடங்கப்பட்ட டென்னசி பள்ளத்தாக்கு ஆணையம், 1940இல் நகருக்கு மேலே சிக்கமாகா அணையைக் கட்டி முடித்தது. மின்சாரம் மலிவாயிற்று, ஆலைகள் மேலும் பெருகின. மலைகள் சூழ்ந்த கிண்ணம் போன்ற நிலத்தில் புகை வெளியேற வழியில்லை. 1969இல் வால்டர் கிராங்கைட் தொலைக்காட்சிச் செய்தியில் நாட்டிலேயே அழுக்கான நகரம் என்று இதைக் குறிப்பிட்டார். அவ்வாண்டே காற்று மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் கடுமையாக்கப்பட்டன. விதிகள் காற்றைச் சுத்தம் செய்தன. பின்னர் பல ஆலைகள் மூடப்பட்டதும் காற்றுக்கு உதவியது, தொழிலாளருக்கு அல்ல.

இதற்கிடையே, நகர்ப்புற மறுசீரமைப்பு என்ற பெயரில் மேற்குப்புறத்துக் கறுப்பினக் குடியிருப்புகள் இடிக்கப்பட்டன. நெடுஞ்சாலைக்கு மண் எடுக்கக் கேமரான் குன்றின் உச்சியே வெட்டப்பட்டது. புளூஸ் பாடகி பெஸ்ஸி ஸ்மித் சிறுவயதில் காசுக்காகப் பாடிய ஒன்பதாம் தெரு இப்போது மார்ட்டின் லூதர் கிங் பெயரைத் தாங்கி நிற்கிறது.

மீட்சி

1984இல் நகர மக்கள் பொதுக்கூட்டங்களில் கூடி என்ன வேண்டும் என்று பட்டியலிட்டனர். ஆற்றங்கரையை மீட்பது அதில் முதன்மையானது. 1992இல் டென்னசி நீர்வாழ் காட்சியகம் திறக்கப்பட்டது. 1978இல் மூடப்பட்டு இடிப்புக்குக் காத்திருந்த வால்நட் தெருப் பாலம், 1993இல் நடப்பவர்களுக்கான பாலமாகத் திறந்தது. மாலையில் மிதிவண்டிகளும் குழந்தை வண்டிகளும் செல்லும் அதன் மரப்பலகைத் தளமே இன்று பயணிகள் அதிகம் படமெடுக்கும் இடம். 1909இல் திறக்கப்பட்ட டெர்மினல் ரயில் நிலையம் 1970இல் மூடப்பட்டு, பின் தங்குவிடுதியாயிற்று. ரயில் பாட்டால் உலகறிந்த ஊருக்கு இன்று பயணிகள் ரயில் இல்லை.

2010இல் நகர மின்வாரியம் தன் பகுதி முழுவதற்கும் ஒரு கிகாபிட் வேக இணையம் தந்தது. நாட்டில் இது முதல்முறை. முன்னாள் வெடிமருந்து ஆலை நிலத்தில் எழுந்த வோக்ஸ்வாகன் தொழிற்சாலை 2011இல் கார் உற்பத்தியைத் தொடங்கியது. அதன் தொழிலாளர்கள் 2014இலும் 2019இலும் சங்கம் வேண்டாம் என்று வாக்களித்து, 2024 ஏப்ரலில் வேண்டும் என்று முடிவு செய்தனர்.

ஆற்றங்கரைக்கு வருபவர்கள் பார்க்க வேண்டியவை இரண்டு. ராஸ் துறையில் நீர் வழியும் படிகளாக அமைந்த பாதையில் செரோக்கிக் கலைஞர்களின் ஏழு வட்டச் சின்னங்கள் உள்ளன. அங்கிருந்து சிறிது நடந்தால் பாலத்தின் தென்முனை. 2021இல் அங்கே எட் ஜான்சனுக்கும் அவருடைய வழக்கறிஞர்கள் இருவருக்கும் சிலைகள் நிறுவப்பட்டன.