அரண்மனைத் தூணும் அச்சிட்ட சுவரும்

ஊரிலிருந்து யார் வந்தாலும் நம்மவர்கள் முதலில் கூட்டிப் போவது மைசூர் அரண்மனைக்குத்தான். ராமாபுரத்தில் எங்கள் வீட்டிலும் அதே வழக்கம். போன தசராவுக்கு வந்த என் பேரன் கட்டடப் பொறியியல் படிக்கிறவன். சுற்றிப் பார்த்துவிட்டு, "இதுல புதுசா என்ன இருக்கு தாத்தா? எல்லாம் பழசு" என்றான். அவனுக்குச் சொன்ன பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அது கட்டப்பட்ட காலத்தில் அந்த அரண்மனையே பெரிய புதுமை. அதற்கு முன்னிருந்த மர அரண்மனை 1897இல், இளவரசியின் திருமணச் சமயத்தில் தீப்பிடித்து எரிந்தது. ஆட்சிப் பொறுப்பிலிருந்த மகாராணி வாணி விலாச சன்னிதானம், புதியதைக் கட்டும் பொறுப்பை ஹென்றி இர்வினிடம் கொடுத்தார். நம் சென்னை உயர்நீதிமன்றக் கட்டடத்தை 1892இல் முடித்துக் கொடுத்தவர் அவரே. எழும்பூர் ரயில் நிலையமும் அவருடைய வரைபடம்தான். அரண்மனை வேலை 1912இல் முடிந்தது. செலவு 41,47,913 ரூபாய்.

மரம் இருந்த இடத்தில் கருங்கல்லும் செங்கல்லும் இரும்பும் வந்தன. கல்யாண மண்டபத்துத் தூண்களை உற்றுப் பாருங்கள். அவை கல் அல்ல, ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் வார்த்துக் கப்பலேறி வந்த இரும்பு. கல்தூண் தாங்கும் பாரத்தை மெல்லிய இரும்புத் தூண் தாங்கிவிடும். அதனால்தான் மண்டபத்தின் நடுவில் தூணே இல்லாமல், மயில் தீட்டிய கண்ணாடிக் கூரையை மேலே நிறுத்த முடிந்தது. அன்றைக்கு அதுதான் நவீனத் தொழில்நுட்பம்.

அடுத்தது கன்னம்பாடி அணை, அதாவது கிருஷ்ணராஜ சாகர். 1911இல் வேலை தொடங்கியது. என் தாத்தா சேலம் பக்கத்திலிருந்து கொத்து வேலைக்கு வந்தது அங்கேதான். விசுவேசுவரய்யா காலத்து அந்தப் பெரிய அணையில் கல்லைப் பிணைத்தது சிமெண்ட் அல்ல, சுர்க்கி. செங்கல்லைப் பொடியாக்கிச் சுண்ணாம்போடு அரைத்த கலவை. 1895இல் திறந்த முல்லைப் பெரியாறு அணையிலும் சுண்ணாம்பும் சுர்க்கியும்தான். கணக்கும் திட்டமும் புதியவை. கலவையோ பழைய கைப்பழக்கம். இரண்டும் சேர்ந்துதான் அணை நின்றது.

இன்றைய புதுமைக்கு வருவோம். பெங்களூரு அல்சூர் கேம்பிரிட்ஜ் லேஅவுட்டில் 2023 ஆகஸ்டில் ஓர் அஞ்சலகம் திறந்தார்கள். கணினி சொன்னபடி இயந்திரம் காங்கிரீட்டை அடுக்கடுக்காகப் பிழிந்து எழுப்பிய சுவர், முப்பரிமாண அச்சு. லார்சன் அண்ட் டூப்ரோ கட்ட, சென்னை ஐ.ஐ.டி. தொழில்நுட்ப வழிகாட்டியது. மாதக்கணக்கில் ஆகும் வேலை 45 நாளுக்குள் முடிந்தது. மகிழ வேண்டிய செய்திதான்.

ஆனால் எனக்கு ஒரு கவலை உண்டு. இதே மைசூரில் 2012இல் லான்ஸ்டவுன் கட்டடத்தின் ஒரு பகுதி இடிந்து நான்கு உயிர் போயிற்று. 2016இல் தேவராஜ மார்க்கெட்டின் ஒரு பகுதி விழுந்தது. இடிப்பதா, பழுது பார்ப்பதா என்று ஊரே இரண்டுபட்டது. என் வீட்டிலும் சின்ன அளவில் இது நடந்திருக்கிறது. அப்பா கட்டிய சுண்ணாம்புச் சுவருக்கு நான் ஆசையாகச் சிமெண்ட் பூசினேன். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வெளியே விடும், சிமெண்ட் அதை உள்ளே அடைத்துவிடும் என்பது எனக்குத் தெரியாது. மூன்றாவது மழைக்காலத்தில் பூச்சு உப்பி உதிர்ந்தது. சரிசெய்யச் சுண்ணாம்பு வேலை தெரிந்த மேஸ்திரியைத் தேடி அலைந்தேன். தாத்தாவிடமும் அப்பாவிடமும் இருந்த வித்தையை நான் ஒருநாளும் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

பேரனிடம் இதைத்தான் சொன்னேன்: "லேசர் கருவி வெச்சு சுவத்த நூல் பிசகாம அளந்துடுவ. ஆனா உள்ள இருக்கிற கலவை என்னன்னு தெரியாம கை வெச்சா, நான் பண்ண தப்பத்தான் நீயும் பண்ணுவ." பேசாமல் கேட்டுக்கொண்டான். மறுநாள் காலையில் செல்போனைப் பதிவில் போட்டு என் முன்னால் வைத்து, "சுர்க்கி எப்படி அரைப்பாங்கன்னு பெரிய தாத்தா சொன்னாரா? ஞாபகம் இருக்கிறதச் சொல்லுங்க" என்றான். எனக்கு நினைவிருந்தது பாதிதான். உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் மீதி இருக்கலாம். அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள்.