தோட்டத்து வாசலும் சோதனைச் சட்டமும்

மலாக்கா மாநிலத்தின் தென்பகுதியில், மூவார் எல்லைக்கு அணித்தாக, ஜாசின் மாவட்டத்தில் அமைந்த சிற்றூர் சுங்கை ரம்பாய். அதனைச் சூழ்ந்த தோட்டப்புறங்களில் வாழ்ந்த தமிழ்த் தொழிலாளிக்கு வாசல்கள் இரண்டு இருந்தன. ஒன்று தோட்டத்தின் நுழைவாயில், அது துரையினுடையது. மற்றொன்று அவன் குடியிருந்த லயத்து வீட்டின் வாசல்; அதுவும் துரையினுடையதே. ஆதலின், அரசாங்க அதிகாரி ஒருவர் தனியார் இடத்தினுள் புகுந்து, சட்டம் விதித்த ஒழுங்கு பேணப்படுகின்றதா என்று பார்வையிட வரும்பொழுது, யாருடைய இசைவு வேண்டும் என்னும் வினா தோட்டப்புறத்தில் எழுந்ததைப்போல் நகரத்தில் எழவில்லை.

இவ்வினாவின் வேர் இங்கிலாந்தில் உள்ளது. 1604ஆம் ஆண்டில் தீர்க்கப்பட்ட செமெய்ன் வழக்கில், ஒருவனுடைய இல்லம் அவனுக்குக் கோட்டையாகும் என்ற கொள்கையைச் சட்ட அறிஞர் எட்வர்ட் கோக் பதிவு செய்தார். அதே வழக்கில், மன்னனின் அதிகாரி தன் வருகையின் காரணத்தை அறிவித்துக் கதவைத் திறக்கக் கேட்ட பின்னர் உள்ளே புகலாம் என்பதும் சொல்லப்பட்டது. முதற்பாதியை மட்டும் நினைவில் வைத்து மறுபாதியை மறந்துவிடுவது பலர்க்கும் வழக்கம். 1765இல் என்டிக் என்னும் எழுத்தாளரின் வழக்கில், சட்டத்தின் ஆதாரமற்ற ஆணையைக் காட்டி வீடு புகுந்து தாள்களை அள்ளிச் சென்றது குற்றம் என்று கேம்டன் பிரபு தீர்ப்பளித்தார். 1826ஆம் ஆண்டின் நீதிப் பட்டயம் பினாங்கு, சிங்கப்பூர், மலாக்கா ஆகிய நீரிணைக் குடியேற்றங்களுக்கு ஆங்கிலச் சட்டத்தைக் கொண்டுவந்தது. மலாய்ச் சுல்தான்களின் மாநிலங்களுக்கு வெகு முன்னதாகவே, கோட்டைக் கொள்கை மலாக்கா மண்ணில் கால் வைத்துவிட்டது.

ஆயின் அது யாருக்குக் கோட்டையாயிற்று? டான் சாய் யான் 1896இல் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டு வணிகத் தோட்டத்துக்கு வழி திறந்தார். ரப்பர் பெருகப் பெருகத் தமிழகத்திலிருந்து ஆள்களின் வரவும் பெருகிற்று. அவர்களைக் காக்கவென்று நீரிணைக் குடியேற்றங்களில் 1876, 1884ஆம் ஆண்டுகளில் சட்டங்கள் இயற்றப்பட்டிருந்தன. பாதுகாவலர் என்னும் அதிகாரியும் இருந்தார். எனினும் அக்காலச் சட்டத்தின் கை இருபுறமும் நீண்டிருந்தது. தோட்டத்தைப் பார்வையிட அதிகாரிக்கு இடந்தந்த சட்டமே, தோட்டத்தை விட்டு ஓடிய தொழிலாளியைச் சிறைக்கும் அனுப்பிற்று. இத்தண்டனை முறை முற்றாக நீங்க 1920களின் தொடக்கம் வரை காத்திருக்க நேர்ந்தது.

பார்வையிடும் அதிகாரத்தை வலுப்படுத்தியது இரக்கமன்று, சாவு. கூட்டு மலாய் மாநிலங்களின் தோட்டங்களில் 1911ஆம் ஆண்டு இந்தியத் தொழிலாளரின் இறப்பு விகிதம் ஆயிரத்துக்கு அறுபதைத் தாண்டியது. மலேரியாக் காய்ச்சலே பெருங்காரணம். 1901இல் கிள்ளானுக்கு வந்த மருத்துவர் மால்கம் வாட்சன், சதுப்பு நீரை வடித்து நோயைக் குறைக்கலாம் என்று காட்டினார். 1911ஆம் ஆண்டிலேயே தோட்டத் தொழிலாளரின் உடல்நலக் காப்புச் சட்டம் பிறந்தது. அடுத்த ஆண்டு தொழிலாளர் சட்டத் தொகுப்பு வந்தது. கிணறு, வடிகால், கழிவிடம், லயத்தின் கூரை ஆகியவை துரையின் சொந்த விவகாரம் என்னும் நிலை மெல்லத் தளர்ந்தது. கூலிக்கு ஆள் கிடைக்கவேண்டும் என்பதனாலும், இந்திய அரசாங்கம் ஆள்களை அனுப்ப மறுத்துவிடக்கூடும் என்ற அச்சத்தாலும் இது நிகழ்ந்தது என்பதனை மறைப்பதற்கில்லை.

வாசலைப் பற்றிய வழக்கு தொழிலாளியின் பக்கமிருந்தும் எழுந்தது. 1941இல் கிள்ளான் வட்டாரத்தில் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபொழுது, உறவினரும் நண்பரும் தோட்டத்துக்குள் வந்துபோகத் தடையிருத்தலாகாது என்பது அவர்களின் கோரிக்கைகளுள் ஒன்று. கூலி உயர்வோடு இதனையும் சேர்த்துக் கேட்டனர் என்பதிலிருந்தே, மூடிய நுழைவாயில் எவ்வளவு உறுத்தியிருக்கும் என்று உணரலாம். பின்னர் 1948இல் தொடங்கிய அவசரகாலத்தில், வாரண்டு இன்றியே வீடு புகுந்து சோதிக்கும் அதிகாரம் பாதுகாப்புப் படையினர்க்குக் கிடைத்தது. விருந்தினனுக்கு அடைத்த கதவு துப்பாக்கிக்குத் திறந்தது.

1955ஆம் ஆண்டின் வேலைச் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. அதன் 65ஆம் பிரிவு, தொழிலாளர்கள் வேலை செய்யும் இடத்தினுள் முன்னறிவிப்பின்றி எந்நேரமும் நுழைந்து பார்வையிட அதிகாரிக்கு இடமளிக்கின்றது. வந்ததை முதலாளிக்கு அறிவிக்கவேண்டும். அறிவிப்பதால் கடமைக்குக் கேடு விளையும் என்று நம்பக் காரணமிருப்பின் அதுவும் தேவையில்லை. இவ்விதிவிலக்கு மிகப் பொருத்தமானது. நாள் குறித்து வரும் அதிகாரி காண்பது, முந்திய நாள் சுண்ணாம்பு பூசிய லயத்தையே அன்றோ? 1966இல் தொழிலாளர் வீடமைப்புக்குக் குறைந்த அளவுத் தரங்களை விதித்த சட்டமும், அதனிடத்தில் 1990இல் வந்த 446ஆம் சட்டமும் பார்வையிடுதலின் எல்லையை விரித்தன.

வாரண்டைப் பற்றி வேறு நாடுகள் கொண்ட முடிவு ஈண்டு ஒப்புநோக்கத் தக்கது. அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், எலித்தொல்லையை ஆராய வந்த சுகாதார அதிகாரியைத் தடுத்தவருக்கு விதிக்கப்பட்ட 20 டாலர் அபராதம் செல்லும் என்று உச்சநீதிமன்றம் 1959இல் கூறியது. எட்டே ஆண்டுகளில், 1967இல், சான் பிரான்சிஸ்கோவின் கமாரா வழக்கில் அம்முடிவு மாறியது. குடியிருப்பவர் மறுத்தால் அதிகாரி நீதிமன்ற வாரண்டு பெற்றே வரவேண்டும். ஆனால் வாரண்டுக்குக் குறிப்பிட்ட குற்றத்தின் சான்று வேண்டியதில்லை, கட்டடத்தின் தன்மை, அப்பகுதியின் நிலை, கடைசியாகப் பார்வையிட்ட காலம் போன்ற நியாயமான அளவுகோல்கள் போதும் என்பது தீர்ப்பின் சாரம். கமாரா வீட்டின் உடைமையாளர் அல்லர், வாடகைக்கு இருந்தவர். 1978இல் அதே நீதிமன்றம், தொழிலிடப் பாதுகாப்பைச் சோதிக்க வந்த அதிகாரியைத் தடுத்த முதலாளி பார்லோவுக்கும் வாரண்டின் காப்பை அளித்தது. ஒரே உரிமைதான், முதல் வழக்கில் குடியிருப்பவனைக் காத்தது, அடுத்ததில் அவனைப் போன்ற உழைப்பாளியைக் காக்க வந்தவரையே வாசலில் நிறுத்தியது.

லயத்துக்காரனோ வாடகைக்காரனும் அல்லன். வேலை உள்ளவரை வீடு. வேலை போயின் வீடும் போயிற்று. அதிகாரியைத் தடுக்கும் உரிமை அவனுக்குப் பயன்பட்டிராது. அவர் திரும்பிச் சென்ற பிறகு, குறை சொன்னவன் யார் என்று கேட்கப்படாமல் இருக்கும் காப்பே அவனுக்கு வேண்டியிருந்தது.

மலேசிய அரசியலமைப்பில் தனிமறைவு என்னும் சொல் தனி உரிமையாகப் பொறிக்கப்படவில்லை. எனினும், 5ஆம் விதி கூறும் தனிமனித உரிமையுள் அதுவும் அடங்கும் என்று கூட்டரசு நீதிமன்றம் சிவராசா ராசையா வழக்கில் 2010இல் கூறியது. தோட்டத்துத் தமிழர் பலர் அதற்குள் லயங்களை விட்டு நகர்ப்புறத் தாமான்களுக்குப் பெயர்ந்துவிட்டனர். 446ஆம் சட்டத்தின் திருத்தம் 2020 ஜூன் முதல் நடப்புக்கு வந்து, தோட்டங்களுக்கு அப்பாலும் பரந்தது; விடுதி அமைக்கும் முதலாளி தொழிலாளர் துறையின் சான்றிதழைப் பெறவேண்டியதாயிற்று. கோவிட் தொற்று பரவிய அவ்வாண்டிலேயே அதிகாரிகள் தொழிற்சாலை விடுதிகளுக்குள் நுழைந்து பார்த்தனர். நெருக்கியடித்துப் படுத்திருந்தோர் வங்காளதேசத்தவரும் நேப்பாளியரும் பிறருமாவர்.