சபைக் கூச்சமும் ஆக்ரன் நகரத்துச் சபையும்

குடிக்கிறவன் ருசிக்காகக் குடிக்கிறான் என்றோ, ஒழுக்கம் கெட்டவனாகையால் குடிக்கிறான் என்றோ ஊரார் தீர்ப்புச் சொல்லிவிடுவது எங்கும் உள்ள வழக்கம். ஆனால், நாலு பேர் கூடிய இடத்தில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ள, கையை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல் மூலையில் நின்று தவிக்கும் சங்கோசி ஒருவன், அந்தத் தவிப்புக்கு மருந்தாகவே முதல் கோப்பையை எடுப்பதும் உண்டு. அமெரிக்காவில் ஓஹையோ மாகாணத்து ஆக்ரன் நகரில் 1935-ஆம் ஆண்டு பிறந்து, பின்பு உலகெங்கும் பரவிய ஒரு வழக்கத்தின் சரித்திரம் அத்தகைய ஒருவரிடமிருந்தே தொடங்குகிறது.

வெர்மான்ட் மாகாணத்தில் ஈஸ்ட் டார்செட் என்னும் சிற்றூரில் 1895-ல் பிறந்த வில்லியம் வில்சன், பெற்றோர் பிரிந்துபோனமையால் தாயைப் பெற்றவர்களிடம் வளர்ந்த பிள்ளை. மற்றப் பிள்ளைகளைவிடத் தாம் ஒரு படி தாழ்ந்தவர் என்ற எண்ணம் சிறு பிராயத்திலேயே அவர் நெஞ்சில் முள்ளாய்த் தைத்திருந்தது. அதனோடு, ஒன்றை நினைத்துவிட்டால் அளவும் நிதானமும் அறியாத சுபாவமும் சேர்ந்துகொண்டது. ஆஸ்திரேலியரைத் தவிர வேறெவராலும் பூமராங் செய்ய முடியாது என்று தாத்தா ஒரு நாள் சொல்லிவைக்க, பையன் மாதக்கணக்கில் மரத்தைச் செதுக்கிச் செதுக்கி எறிந்து பார்த்து, கடைசியில் தன் கட்டிலின் தலைமாட்டுப் பலகையையே அறுத்து அதைச் செய்து முடித்தானாம்.

1917-ல், இருபத்தொரு வயதில், பீரங்கிப் படையில் இளம் அதிகாரியாக நியூ பெட்ஃபோர்ட் துறைமுகத்தை அடுத்த முகாமில் அவர் இருந்தபோது, அவ்வூர்ச் செல்வந்தர்கள் யுத்தத்துக்குப் போகும் வாலிபர்களைத் தங்கள் மாளிகைகளுக்கு விருந்துக்கு அழைத்தார்கள். ஜரிகையும் பட்டுமாய்ச் சீமாட்டிகள் சம்பாஷித்துக்கொண்டிருந்த கூடத்தில் வாய் திறவாமல் நின்ற அந்த நெட்டை வாலிபரின் கையில், ஜின்னோடு வெர்மூத்தும் ஆரஞ்சுச் சாறும் கலந்த 'பிராங்க்ஸ்' என்னும் பானத்தை யாரோ கொடுத்தார்கள். தமக்கும் மனிதருக்கும் நடுவே அந்நாள்வரை நின்ற சுவர் அந்தக் கணத்தில் இடிந்து விழுந்ததாகவும், தாமும் ஒருவராய் அந்தச் சபையில் சேர்ந்துவிட்டதாகவும் பிற்காலத்தில் அவர் நினைவுகூர்ந்தார்.

இந்த மருந்தின் வஞ்சகம் எங்கே இருக்கிறதென்றால், நாவின் கட்டை அவிழ்க்கும் மது சபலத்தின் கடிவாளத்தையும் கூடவே அவிழ்த்துவிடுகிறது. இரவில் சொல்லத்தகாததைச் சொல்லி, செய்யத்தகாததைச் செய்தவனுக்குப் பொழுது விடிந்ததும் வெட்கம் மிஞ்சுகிறது; அந்த வெட்கம் அடுத்த சபைக்குப் போகும் பயத்தை இரட்டிப்பாக்க, பயம் மறுபடியும் கோப்பையைத் தேடச் சொல்லுகிறது. 1920 முதல் 1933 வரை தேசம் முழுவதும் அமலிலிருந்த மதுவிலக்குச் சட்டமும் வில்சனைத் தடுக்கவில்லை. பங்குச் சந்தையில் சம்பாதித்த பொருள் 1929-ன் வீழ்ச்சியோடு போயிற்று. நியூயார்க்கில் ஒரே வைத்தியசாலையில் பலமுறை படுத்தெழுந்த பிறகு, 1934 டிசம்பரில் அவர் கடைசியாகக் குடித்தார்.

ஐந்து மாதம் கழித்து, வியாபார விஷயமாக ரப்பர்த் தொழிலுக்குப் பேர்போன ஆக்ரன் நகருக்கு வந்து, காரியம் தோற்று, சட்டைப்பையில் சொற்பப் பணத்தோடு மேஃப்ளவர் ஹோட்டல் முன்கூடத்தில் அவர் உலாவிக்கொண்டிருந்தார். ஒரு பக்கம் மதுச்சாலையிலிருந்து சிரிப்பும் கோப்பைச் சத்தமும் கேட்டன. மறுபக்கம் ஒரு தொலைபேசியும், ஊரிலுள்ள தேவாலயங்களின் பெயர்ப் பட்டியலும் இருந்தன. உள்ளே போய் யாரோடாவது பேசிக்கொண்டிருக்கலாமே என்று சபலம் தட்டிய அந்தக் கணத்தில், தமக்கு வேண்டியது மது அல்ல, மற்றொரு குடிகாரரின் பேச்சுத் துணை என்று அவருக்குத் தோன்றிற்று. பாதிரியார் ஒருவரை அழைத்து, அவர் சொன்ன பெயர்களைப் பற்றிக்கொண்டு போய், குட்இயர் கம்பெனியை ஸ்தாபித்தவரின் மருமகளான ஹென்றியெட்டா ஸைபர்லிங் என்ற அம்மையாரை அடைந்தார். மறுநாள் அவர் வீட்டில், குடியால் சீரழிந்துகொண்டிருந்த ராபர்ட் ஸ்மித் என்ற சத்திரவைத்தியரைச் சந்தித்தார். பதினைந்து நிமிஷத்துக்கு மேல் இருக்க முடியாதென்று சொல்லிக்கொண்டு மாலை ஐந்து மணிக்கு வந்த வைத்தியர், இரவு பதினொன்றைத் தாண்டியே எழுந்தார். உபதேசிக்க வந்தவர்கள் பலரை அவர் பார்த்திருக்கிறார். தன் கதையைத் தானே சொன்ன குடிகாரரை அன்றுதான் பார்த்தார். இடையில் ஒருமுறை தவறி விழுந்த ஸ்மித், ஜூன் 10-ஆம் தேதி, ரணசிகிச்சை செய்யவேண்டிய கை நடுங்காதிருக்க வில்சனே கொடுத்த ஒரு பாட்டில் பீரோடு குடியை நிறுத்தினார். 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' என்னும் சபை அந்த நாளையே தன் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறது.

குடிகாரர்கள் ஒன்றுகூடிச் சத்தியம் செய்வது அமெரிக்காவில் புதிதல்ல. 1840-ல் பால்டிமோர் நகரில் ஆறு பேர் தொடங்கிய இயக்கம் லட்சக்கணக்கானோரைச் சேர்த்துச் சில வருஷங்களில் சிதறிப்போயிற்று. ஆக்ரன் வழக்கத்தின் விசேஷம், அது கூச்சத்தை அறிந்திருந்தது என்பதே என் அபிப்பிராயம். ஒரு வீட்டுக் கூடத்தில் சில நாற்காலிகள், காப்பி, குடும்பப் பெயரை விட்டு முதற்பெயர் மட்டும். யாரைக் கண்டு வெட்கப்படுவது? எல்லாரும் விழுந்தவர்கள். ஆயுள் முழுவதற்கும் பிரதிக்ஞை கேளாமல் இன்றைக்கு ஒரு நாள் குடியாதிரு என்றதும், சபலம் எழுந்தால் கோப்பைக்கு முன் தோழனைத் தொலைபேசியில் கூப்பிடு என்றதும், அந்த ஹோட்டல் முன்கூடத்து அனுபவத்தின் சாரம். சபையைக் கண்டு அஞ்சியவர் ஒரு சபையாலேயே பிழைத்தார். இப்படிச் சபையைக் கண்டு அஞ்சும் சமூக அச்சத்தை அமெரிக்க மனோவைத்தியர்களின் கைநூல் தனி நோயாக ஏற்றது 1980-ல்தான்.

அந்தக் கூடங்களில் மது இல்லை. புகை மட்டும் கூரை முட்ட நின்றது, அதை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை. முப்பத்தாறு ஆண்டு மதுவைத் தொடாத வில்சன், நெடுங்காலம் புகைத்ததால் அரித்த நுரையீரலோடு 1971 ஜனவரி 24-ஆம் தேதி மயாமி நகரில் காலமானார்.